கரையான் தின்னவில்லை



வழக்கம்போல் இதுவும் நீளமான பதிவு. "டீச்சர், ரீல்ஸ் போடுங்க, ஒரு நிமிஷத்துல பார்த்துடுவோம்" என்று சொல்கிற பிள்ளைகள் இப்போதே ஒரு லைக் போட்டுவிட்டுப் போய்விடலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். என் தம்பி மட்டும் கடைசி வரை படிக்க வேண்டும். தம்பி, வேலை முடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி. மெட்ரோவில் நின்றுகொண்டு படிக்காதே.

போன சனிக்கிழமை பேரன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான். "பாட்டி, ஒரு மலையாளப் படம். பழைய காலத்துக் கதை, உனக்குப் பிடிக்கும்" என்றான். 'செல்லுலாய்டு' என்று பெயர். 2013இல் வந்தது. கமல் இயக்கியது. (நம் கமல்ஹாசன் இல்லை. கேரளத்தில் இன்னொரு கமல் இருக்கிறார்.) பிருத்விராஜ் கதாநாயகன். சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருது வாங்கிய படமாம். எனக்கு மலையாளம் பாதி புரியும், பாதி புரியாது. கீழே ஓடுகிற ஆங்கில எழுத்தைக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்துக்கொண்டே பார்த்தேன். முடிந்ததும் எழுந்து போய்ச் சமையற்கட்டில் நின்றேன். மருமகள், "என்ன அத்தை, காபி வேணுமா" என்று கேட்டாள். வேண்டும் என்றேன். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

படம் ஜே.சி. டேனியல் என்பவரைப் பற்றியது. மலையாள சினிமாவின் தந்தை என்று இன்று சொல்கிறார்கள். ஆனால் அவர் ஊர் இன்றைய தமிழ்நாட்டில், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் இருக்கிற அகஸ்தீஸ்வரம். அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். வாள்வீச்சைப் பற்றி 1915இலேயே ஆங்கிலத்தில் புத்தகம் போட்டவர். களரியில் பெரிய ஈடுபாடு. அந்தக் கலையை உலகத்துக்குக் காட்ட சினிமாதான் வழி என்று தோன்றியிருக்கிறது. மெட்ராஸ் போனார், பம்பாய் போனார், தொழிலைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். குடும்ப நிலத்தை விற்றார். திருவனந்தபுரத்தில் பட்டம் என்ற இடத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்று ஒரு ஸ்டுடியோ போட்டார். எழுதியவர் அவர், இயக்கியவர் அவர், படம் பிடித்தவர் அவர், கதாநாயகனும் அவரே. ஊமைப் படம். 'விகதகுமாரன்' என்று பேர். தொலைந்த பிள்ளை என்று நாம் தமிழில் சொல்லலாம். திருவிதாங்கூரில் ஒரு பணக்கார வீட்டுப் பையனைக் கடத்திக்கொண்டு போய் இலங்கையில் தோட்டக்கூலியாக விட்டுவிடுகிறார்கள் என்பது கதை. சொந்தப் பிள்ளையையும் அதில் நடிக்க வைத்தார்.

அந்தக் காலத்தில் சினிமாவில் நடிக்கப் பெண்கள் எளிதில் வரமாட்டார்கள். பல இடங்களில் ஆண்களே சேலை கட்டிக்கொண்டு நடித்தார்கள். டேனியல் பிடிவாதமாகப் பெண்தான் வேண்டும் என்று தேடி, ரோஸி என்ற ஏழைப் பெண்ணைக் கொண்டுவந்தார். நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த தலித் பெண். அவருக்குக் கொடுத்த வேடம் நாயர் வீட்டுப் பெண். நம் ஊர்ப் பெரியவர்கள் இந்த இடத்திலேயே என்ன நடந்திருக்கும் என்று சொல்லிவிடுவார்கள். திருவனந்தபுரம் கேபிடல் தியேட்டரில் படம் ஓடிய முதல் நாளே திரையில் கல் விழுந்தது. ரோஸியைக் கொட்டகைக்குள்ளேயே விடவில்லை. பிறகு அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். ஒரு லாரியில் ஏறித் தப்பி, நாகர்கோவில் பக்கம் போய், ராஜம்மாள் என்று பெயரை மாற்றிக்கொண்டு வாழ்ந்தார். சினிமாவில் நடித்தேன் என்று வெளியில் சொல்லிக்கொள்ளாத வாழ்க்கை. 2023 பிப்ரவரி 10ஆம் தேதி கூகுளைத் திறந்தவர்கள் அவருடைய படத்தைப் பார்த்திருப்பீர்கள். அன்று நானும் பார்த்தேன், யாரோ வடநாட்டு நடிகை என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன்.

டேனியலுக்கு அந்த ஒரு படம்தான். கடன், ஸ்டுடியோ போச்சு, கேமரா போச்சு. பிறகு பல் வைத்தியம் படித்துப் பல் வைத்தியராகப் பிழைத்தார். நடுவில் பி.யு. சின்னப்பாவைச் சந்தித்து மறுபடியும் சினிமா ஆசை வந்து, சேர்த்த பணத்தையும் விட்டுவிட்டு வந்தார். முதுமையில் அகஸ்தீஸ்வரத்தில் வறுமையோடும் நோயோடும் கிடந்தார். சேலங்காட் கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர்தான் அவரைத் தேடிப் போய்க் கண்டுபிடித்து எழுதினார். படத்தில் ஸ்ரீனிவாசன் அந்த வேடத்தில் வருகிறார். அவர் அரசாங்க அலுவலகங்களுக்கு நடையாக நடந்தும் டேனியலுக்கு நலிந்த கலைஞர் பென்ஷன் கிடைக்கவில்லை. சொன்ன காரணம் என்ன தெரியுமா? அவர் இருப்பது தமிழ்நாட்டில், தமிழ்நாட்டில் போய்க் கேட்கட்டும். 'விகதகுமாரன்' ஊமைப் படம், 1938இல் வந்த 'பாலன்'தான் பேசிய படம், அதனால் அதுதான் முதல் மலையாளப் படம் என்ற வழக்கும் இருந்தது. அந்த 'பாலன்' படத்தை எடுத்தவர் நம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம் என்பது தனி வேடிக்கை. 1975 ஏப்ரலில் டேனியல் இறந்துபோனார். 1992இலிருந்து அவர் பெயரிலேயே மலையாள சினிமாவின் மிகப் பெரிய விருதைக் கேரள அரசு கொடுக்கிறது.

இந்த இடத்தில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. டேனியல் எங்கும் குடிபெயர்ந்து தமிழ்நாட்டுக்காரர் ஆகவில்லை. அவர் பிறந்த ஊரே நகர்ந்துவிட்டது. 1956 நவம்பர் 1ஆம் தேதி மொழிவாரி மாநிலம் பிரித்தபோது அகஸ்தீஸ்வரம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்துவிட்டது. வீடு அதே இடத்தில் இருந்தது. காகிதம் மாறிவிட்டது.

நவம்பர் 1 என்றதும் காரைக்கால் பிள்ளைகளுக்கு என்ன ஞாபகம் வர வேண்டும்? (பதில் சொல்லாதவர்கள் பெஞ்சு மேல் ஏறவும்.) 1954 நவம்பர் 1. பிரெஞ்சுக்காரர்கள் நம்மை இந்தியாவிடம் ஒப்படைத்த நாள். சட்டப்படி முழுதாகச் சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16. ஒப்படைத்தார்களே தவிர, தஞ்சாவூரோடு சேர்க்கவில்லை. சுற்றி மூன்று பக்கமும் தமிழ்நாடு, நான்காவது பக்கம் கடல், நடுவில் நாம் மட்டும் புதுச்சேரி. வாஞ்சூர் தாண்டினால் வேறு அரசாங்கம், பூவம் தாண்டினால் வேறு அரசாங்கம். வெளியூர் மாப்பிள்ளைகளுக்கு இது பெட்ரோல் விலை சம்பந்தப்பட்ட சமாசாரம். இங்கே பிறந்தவர்களுக்கு ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ், கல்லூரி சீட்டு, முதியோர் பென்ஷன். நம் பள்ளிக்கூடத்திலேயே அக்காள் இந்தப் பக்கம், தங்கை அந்தப் பக்கம் என்று கொடுத்திருந்த எத்தனை வீடுகள் பார்த்திருக்கிறேன்.

என் அப்பா அந்தக் கோட்டில் மாட்டிக்கொண்டவர்.

மாணவர்களுக்கு என் அப்பாவைத் தெரியாது. உறவுகளுக்குத் தெரியும், ஆனால் 'பெட்டிக்காரர்' என்றுதான் தெரியும். நெடுங்காடு பக்கத்துக் கிராமத்தில் பிரெஞ்சுக்காரன் ஆண்ட காலத்தில் 1930இல் பிறந்தார். ஆர்மோனியம் வாசிப்பார். டிராமா செட்டு வைத்திருந்தார். வள்ளி திருமணம், அரிச்சந்திரா எல்லாரும் போடுவது. அதோடு தானே எழுதிய நாடகங்களும் போட்டார். அதில் ஊரெல்லாம் பேசியது காரைக்கால் அம்மையார் நாடகம். புனிதவதியாருக்கு ஸ்திரீபார்ட் போட்டவர் கொட்டுச்சேரியிலிருந்து வருவார், சைக்கிளில், மீசையை மழித்துக்கொண்டு.

அந்த நாடகத்தில் இரண்டாவது மாங்கனி வருகிற காட்சி அப்பாவின் பெருமை. கணவன் இன்னொரு பழம் கேட்கிறான், அம்மையார் உள்ளே போய் இறைவனை வேண்டுகிறார், கையில் பழம் வந்து விழ வேண்டும். பந்தல் மூங்கிலில் கறுப்பு நூல் கட்டி அப்பாவே மேலிருந்து இறக்குவார். மாம்பழம் இல்லாத கார்த்திகை மாதத்தில் ஒரு தடவை குயவரிடம் சொல்லி மண்ணில் செய்து மஞ்சள் அடித்து வைத்திருந்தார். நூல் அறுந்து அது புனிதவதியார் தலையில் விழுந்தது. கொட்டுச்சேரிக்காரர் அம்மையாரை மறந்து, தஞ்சாவூர் ஜில்லா முழுவதும் கேட்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுத முடியாது.

1973இல் ஏ.பி. நாகராஜன் 'காரைக்கால் அம்மையார்' எடுத்தபோது எங்களை எல்லாம் அழைத்துக்கொண்டு போனார் அப்பா. எனக்கு 12 வயது. இளமையில் லட்சுமி, முதுமையில் கே.பி. சுந்தராம்பாள். கொட்டகையே கையெடுத்துக் கும்பிட்டது. வீடு திரும்பும் வரை அப்பா பேசவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றும்போது சொன்னார்: "எல்லாம் நல்லாத்தான் எடுத்திருக்கான். ஆனா என் மாங்கா இன்னும் நல்லா விழும்."

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டு எழுதுகிறேன். அப்போது சிரிக்கவில்லை. மூன்று மா நிலம் இருந்தது. ஒவ்வொரு மாவாகச் சீன் திரைக்கும் பெட்ரோமாக்ஸுக்கும் ஆட்களுக்குச் சாப்பாட்டுக்கும் போனது. அம்மாவின் அட்டிகை அடகுக்குப் போனது, திரும்பி வரவில்லை. அம்மா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றிக் குடும்பத்தை நடத்தினாள். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன 1979இல் கட்டணம் கட்ட அம்மா காதில் இருந்த தோட்டைக் கழற்றினாள். அன்று அப்பா ஊரில் இல்லை. கூத்தநல்லூர் பக்கம் நாடகம். அதற்குப் பிறகு அம்மா உயிரோடு இருந்தவரை ஈர்க்குச்சிதான் காதில். அந்த ஈர்க்குச்சியைப் பார்த்துப் பார்த்துத்தான் நான் டீச்சர் ஆனேன்.

படத்தில் டேனியலின் மனைவி ஜானெட்டாக மம்தா மோகன்தாஸ் நடித்திருக்கிறார். கணவன் நிலத்தை விற்கும்போதும் கூட நிற்கிறார், எல்லாம் போன பிறகும் கூட நிற்கிறார். ரொம்ப அழகாகக் காட்டியிருக்கிறார்கள். எனக்கு அந்த இடங்களில் மட்டும் படத்தோடு ஒட்ட முடியவில்லை. கூட நின்றார்கள் என்பது உண்மையாக இருக்கும். நிற்கும்போது மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டார்கள் என்று என் அம்மாவைப் பார்த்தவளுக்குத் தெரியும். இது என் அபிப்பிராயம். சினிமா தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

எண்பதுகளில் வீடியோ வந்தது, டிராமா செட்டு கலைந்தது. அப்பா தன் பழைய கூட்டாளிகளோடு பொறையார் பக்கம் வாடகை வீட்டில் தங்கினார். நண்டலாற்றுக்கு அந்தக் கரை. பஜனைக்குப் பெட்டி வாசித்தார், பிள்ளைகளுக்குச் சரளி வரிசை சொல்லிக் கொடுத்தார். ரேஷன் கார்டு அங்கே போட்டுக்கொண்டார், அரிசி வேண்டுமே. அம்மா 1988இல் போனாள். அறுபது தாண்டியதும் யாரோ சொன்னார்கள் என்று நலிந்த கலைஞர் உதவித்தொகைக்கு மனு போட்டார். அந்தப் பக்கத்து அலுவலகத்தில் பிறந்த இடத்தைப் பார்த்தார்கள். நீங்கள் பாண்டிச்சேரி மாநிலம், அங்கே கேளுங்கள் என்றார்கள். இந்தப் பக்கத்து அலுவலகத்தில் முகவரியைப் பார்த்தார்கள். நீங்கள் தமிழ்நாடு, அங்கே கேளுங்கள் என்றார்கள். நான்கு தடவை நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டிப் போய் வந்தார். கடைசித் தடவை வந்து திண்ணையில் உட்கார்ந்து சொன்னார்: "நான் செக்போஸ்ட்டுலயே போய் உக்காந்துக்கறேன்னு சொல்லிட்டு வந்துட்டேன் ஆயி. ரெண்டு பேரும் அங்கதான் இருக்காங்க, யாராவது ஒருத்தன் கொடுக்கட்டும்."

நான் சிரித்தேன். என்ன செய்திருக்கலாம் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போதே நான் அரசு வேலையில் 10 வருடம். எந்தக் காகிதத்தை எந்த மேசைக்கு அனுப்புவது என்று எனக்குத் தெரியாதா? உங்களில் எத்தனை பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்! அப்பாவுக்கு ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. டிராமாவுக்கு வேறு பென்ஷனா என்று எனக்கு ஒரு எரிச்சல்.

1994இல் முடியாமல் போய் என் வீட்டுக்கே வந்துவிட்டார். தம்பி பிரான்சில் இருந்தான். மகள் வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறேனே என்று அவருக்குக் கூச்சம். ஒரு தகரப் பெட்டி, ஓர் ஆர்மோனியம். பெட்டி நிறைய நோட்டுகள். 19 நோட்டும் 3 பழைய பேரேடும். அவர் எழுதிய நாடகங்கள் எல்லாம் அதில்தான். பாட்டுக்கு மேலே ராகம், தாளம், எந்தக் கட்டை, யார் எந்தப் பக்கமிருந்து வர வேண்டும், பெட்ரோமாக்ஸை எப்போது குறைக்க வேண்டும், எல்லாம் நீல மையில். சாயங்காலம் என் மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் படித்துக் காட்டுவார். குரலை மாற்றி மாற்றிப் படிப்பார். நான் உள்ளே பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருப்பேன்.

"அப்பா, கொஞ்சம் மெதுவா. தலை வலிக்குது."

நிறுத்திவிடுவார். அடுத்த நாள் மெதுவாக ஆரம்பிப்பார், கொஞ்ச நேரத்தில் தன்னை அறியாமல் குரல் ஏறும், நான் மறுபடி சொல்வேன். பிறகு படிப்பதை விட்டுவிட்டார். ஒரு நாள் கேட்டார், "இதையெல்லாம் யாராவது படிப்பாங்களா ஆயி?" நான் "படிப்பாங்கப்பா" என்று திருத்திக்கொண்டிருந்த பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். 1997 பிப்ரவரியில் போய்விட்டார். ஆர்மோனியத்தைத் தம்பி எடுத்துக்கொண்டான். அது இன்றும் பாரிசில் அவன் வீட்டில் இருக்கிறது.

பாரிஸ் என்றதும் இன்னொன்று. டேனியல் படத்தைப் பார்த்த பிறகு, வயதான சினிமாக்காரர்களைப் பற்றிய வேறு படங்களையும் பேரன் சொன்னான். 'ஹ்யூகோ' என்று 2011இல் மார்ட்டின் ஸ்கார்செசி எடுத்த படத்தையும் பார்த்தேன். அதில் ஜார்ஜ் மெலியேஸ் வருகிறார். 1902இலேயே ராக்கெட்டை நிலாவின் கண்ணில் குத்தவைத்துப் படம் எடுத்த பிரெஞ்சுக்காரர். 500க்கு மேல் படங்கள் எடுத்தவர். எல்லாம் நொடித்துப்போய், மோம்பர்னாஸ் ரயில் நிலையத்தில் பொம்மைக் கடை வைத்து உட்கார்ந்திருந்தார். அவருடைய படச்சுருள்களை உருக்கிச் செருப்புக் குதிகால் செய்தார்களாம். மீதியிருந்த நெகட்டிவ்களை 1923இல் அவரே கொளுத்தினார். 2014இல் தம்பி என்னை ஊருக்கு அழைத்தபோது அந்த ரயில் நிலையத்தில்தான் ரயில் ஏறினோம். அங்கே ஒரு கிழவர் பொம்மை விற்ற கதை எனக்கு அன்று தெரியாது. கழிவறைக்குக் காசு கேட்கிறார்களே என்று சண்டை பிடித்ததுதான் ஞாபகம் இருக்கிறது.

மெலியேஸை மட்டும் கடைசியில் தேடிக் கண்டுபிடித்தார்கள். 1931இல் நாட்டின் உயர்ந்த விருதான லெஜியன் தோனர் கொடுத்தார்கள். சினிமாக்காரர்களுக்கென்று ஓர்லியில் இருந்த முதியோர் இல்லத்தில் இடம் கொடுத்தார்கள். 1938இல் இறந்தார். பிரெஞ்சு பென்ஷன் என்றால் என்ன என்று நம் ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்தா வீட்டு ஆயாக்கள் மாதம் தவறாமல் வாங்கியதைப் பார்த்துத்தானே வளர்ந்தோம். அப்பா ஒரு சண்டைக்கும் போகவில்லை. பெட்டி வாசித்தவருக்கு எந்த நாடு தரும்?

சரி, சொல்ல வந்ததற்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சுற்றி வளைத்ததே அதைத் தள்ளிப் போடத்தான்.

'செல்லுலாய்டு' படம் ஒரு விழா மேடையில் முடிகிறது. டேனியலின் இளைய மகன் பேசுகிறார். அவராகவும் பிருத்விராஜ்தான் நடித்திருக்கிறார். அப்பாவின் படச்சுருளைச் சின்னப் பையனாக இருந்தபோது விளையாட்டாகக் கொளுத்தியது நான்தான் என்று அந்த மேடையில் சொல்கிறார். அந்தக் காலத்துப் படச்சுருள் அப்படியே பற்றிக்கொள்ளுமாம். எரிவதைப் பார்க்கிற ஆசை, குழந்தைக்கு வேறென்ன தெரியும்? 'விகதகுமாரன்' இன்று எங்கேயும் இல்லை. தொலைந்த பிள்ளையைப் பற்றிய படத்தைப் பெற்ற பிள்ளையே தொலைத்துவிட்டான். ஆனால் அவன் குழந்தை.

எனக்கு 37 வயது.

1998 வைகாசியில் மகளுக்கு மஞ்சள் நீராட்டு வைத்தோம். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தேன். தகரப் பெட்டி துருப்பிடித்திருந்தது. திறந்தேன். ஒரு நோட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரையான் இல்லை, பூச்சி இல்லை. வேப்பிலைச் சருகு போட்டு அப்பாவே பத்திரமாக வைத்திருந்தார். மேலே இருந்த நோட்டைப் பிரித்தேன். முதல் பக்கத்திலேயே சீன் திரைக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று ஒரு கணக்கு. அதற்குக் கீழே 'அட்டிகை, 340 ரூபாய்' என்று எழுதியிருந்தது. மூடிவிட்டேன்.

வாசலில் பழைய பேப்பர்காரர் சைக்கிள் சத்தம் கேட்டது. கூப்பிட்டேன். அவரே, "என்னம்மா, கையால எழுதினதா இருக்கு, வேணாமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். 11 கிலோ இருந்தது. கிலோ 4 ரூபாய். 44 ரூபாய் கொடுத்தார். மேலே கொஞ்சம் போட்டுப் பச்சை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் பக்கெட் வாங்கினேன். ரொம்ப நாள் உழைத்தது அந்தப் பக்கெட். பிடி உடைந்த பிறகும் மாட்டுச் சாணிக்கு வைத்திருந்தேன்.

2003இல் தம்பி ஊருக்கு வந்தபோது கேட்டான். "அக்கா, அப்பா நோட்டெல்லாம் எங்க? நான் எடுத்துட்டுப் போறேன், அங்க யாராவது தமிழ் சங்கத்துல போடச் சொல்றேன்." நான் சட்டென்று சொன்னேன், "கரையான் தின்னுடிச்சு தம்பி." யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாயில் வந்தது. அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "என் தப்புதான்க்கா. அப்பவே உனக்கு ஒரு இரும்பு பீரோ வாங்கிக் கொடுத்திருக்கணும். தகரப் பெட்டியில வச்சா வேற என்ன ஆகும்" என்றான். போகும்போது பணம் கொடுத்துவிட்டுப் போனான். அதில் வாங்கிய பீரோதான் கூடத்தில் நிற்கிறது. அதன்பிறகு வரும்போதெல்லாம் அந்த பீரோவைத் தட்டிப் பார்த்து, "இதை அஞ்சு வருஷம் முன்னாடி வாங்கியிருக்கணும்" என்று சொல்லுவான். உறவுக்காரர்கள் எல்லாருக்கும் கரையான் கதைதான் தெரியும். அத்தை மகன் ஒருவர் "பெரிய மனுஷன் எழுத்து, மண்ணுக்குப் போச்சு" என்று என் எதிரிலேயே அழுதிருக்கிறார். நான் காபி கலந்து கொடுத்தேன்.

தம்பி, நீ வாங்கித் தராத பீரோவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு நோட்டைக்கூடக் கரையான் தொடவில்லை. நான்தான் போட்டேன். தெரிந்துதான் போட்டேன். அம்மா தோட்டுக்காகப் போட்டேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அம்மா இருந்திருந்தால் போட விட்டிருக்க மாட்டாள் என்றும் தெரியும். பரணில் அந்தப் பெட்டியை ஏற்றி வைத்தவள், அதற்கு முந்தின வீட்டிலும் அதற்கு முந்தின வீட்டிலும், அவள்தான்.

இதை உனக்குப் போனில் சொல்லியிருக்கலாம். மூன்று தடவை எடுத்து வைத்துவிட்டேன். எழுதினால்தான் முழுதாகச் சொல்ல வருகிறது. பொய்யை எல்லார் எதிரிலும் சொன்னேன், இதையும் எல்லார் எதிரிலும் சொல்கிறேன். கோபம் இருந்தால் திட்டு. கமெண்டில் திட்டினாலும் சரி, பிள்ளைகள் பார்த்தால் பார்க்கட்டும்.

இப்போது நடக்கிற வேலையையும் சொல்லிவிடுகிறேன். திருநள்ளாற்றில் சின்னத்தை இருக்கிறார், 84 வயது. அப்பாவின் தங்கை. சின்ன வயதில் ஒத்திகை எல்லாம் அவர்கள் வீட்டுக் களத்தில்தான் நடக்கும். படம் பார்த்த மறுநாளே போனேன். "அத்தை, அம்மையார் டிராமா ஞாபகம் இருக்கா?" என்றேன். "எது, மாங்கா மண்டையில விழுந்ததா?" என்றார். ஞாபகம் இருக்கிறது. கணவன் கடையில் உட்கார்ந்திருக்கிற காட்சி முழுக்கச் சொன்னார். நடுவில் பாட்டு வருகிற இடத்தில் வரி வரவில்லை, மெட்டு மட்டும் வந்தது. பேரன் அதைப் போனில் பதிந்து வைத்திருக்கிறான். ஒரு 200 பக்க நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்திருக்கிறேன். இதுவரை நாலரைப் பக்கம். அத்தைக்குச் சாயங்காலம் ஆனால் தூக்கம் வந்துவிடும், கொட்டாவி விட்டால் நிறுத்திவிடுகிறேன். வியாழக்கிழமை மறுபடி போகிறேன். சனிக்கிழமை போக முடியாது, சனீஸ்வரன் கோயில் கூட்டத்தில் பஸ் கிடைக்காது.

உங்களிடம் கேட்பது இதுதான். நெடுங்காடு, அம்பகரத்தூர், கொட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம், அந்தப் பக்கம் பொறையார், தரங்கம்பாடி. இந்த ஊர்களில் 1975லிருந்து 1985 வரை கோயில் திருவிழாவில் நாடகம் நடக்கும்போது டேப் ரிக்கார்டரை மேடை ஓரத்தில் வைத்துப் பதிவு செய்தவர்கள் உண்டு. உங்கள் தாத்தா வீட்டில், பெரியப்பா வீட்டில் பழைய கேசட் இருந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். எழுத்து அழிந்திருந்தாலும், நாடா சிக்கியிருந்தாலும் பரவாயில்லை. 1996 பேட்ச் பையன் ஒருவன் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறான், சரி செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நாடக நோட்டீஸ் இருந்தாலும் வேண்டும். போட்டோ இருந்தால் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து அதையும் அனுப்புங்கள்.

மாலை 4 மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வருகிறவர்கள் போன் செய்துவிட்டு வாருங்கள், அடை போட்டு வைக்கிறேன். தம்பி, நீ ஆர்மோனியத்தைத் துடைத்து வை. அத்தை போட்ட மெட்டை அனுப்புகிறேன், எந்தக் கட்டை என்று வாசித்துப் பார்த்துச் சொல்.